வியாழக்கிழமை அறையின் சாவியைத் திருப்பிக் கேட்டவர்களுக்கு

எங்கள் சபையின் போதகர் ஐயாவுக்கும் நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

போன ஞாயிறு ஆராதனைத் தாளின் மூன்றாம் பக்கத்தில், ஒரு திருமண அறிவிப்புக்கும் ஞாயிறு பள்ளிச் சுற்றுலாவுக்கும் நடுவில், இரண்டே வரியில் ஒரு செய்தி இருந்தது. மாடி அறையில் வியாழன் மாலை நடக்கும் குடும்பக் கூடுகை இந்த மாதத்தோடு நிறுத்தப்படுகிறது, அறைச் சாவியை வைத்திருப்பவர் அலுவலகத்தில் ஒப்படைக்கவும். சிறைக்குப் போனவர்களின் குடும்பங்கள் கூடும் கூடுகை அது. அந்தச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. 2019இலிருந்து வாராவாரம் அந்த அறையைத் திறந்து, விளக்கைப் போட்டு, கடைசி ஆள் போனபிறகு பூட்டிவிட்டு வருகிறவள் நான். எனக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாசலில் தாளைக் கொடுத்த தம்பிக்குக்கூடத் தெரிந்திருந்தது. “அக்கா, மூன்றாம் பக்கம் பார்த்தீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

அதே தாளின் முதல் பக்கம் முழுவதும் ஆலயப் புதுப்பிப்பு நிதி. இடிந்த எருசலேம் மதிலைத் திரும்பக் கட்டிய நெகேமியாவின் வேதாகமப் புத்தகத்திலிருந்து எடுத்து “எழுந்து கட்டுவோம்” என்று தலைப்பு வைத்திருக்கிறீர்கள். முதல் பக்கத்தில் கட்டச் சொல்லிவிட்டு மூன்றாம் பக்கத்தில் எதை இடிக்கிறோம் என்று குழுவில் ஒருவருக்காவது உறுத்தவில்லையா? கோபத்தோடுதான் கேட்கிறேன்.

இதற்கு முன் இரண்டு முறை குழுவுக்குத் தனியாக எழுதினேன். முதல் கடிதத்துக்கு, ஜெபத்தில் வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. இரண்டாவதற்கு எதுவும் வரவில்லை. அதனால் இப்போது எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். சபையின் பெயரை எழுதவில்லை. என் அம்மா ஞானஸ்நானம் பெற்ற சபை இது, இதை அவமானப்படுத்த எனக்கு மனம் வராது. பவுல் சிறையிலிருந்து பிலேமோனுக்கு எழுதிய மடலை நினைத்துப் பாருங்கள். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் சொந்த விஷயம் அது. ஆனாலும் பிலேமோனுக்கு மட்டும் எழுதாமல், அவர் வீட்டில் கூடிவந்த சபைக்கும் சேர்த்தே எழுதினார். தவறு செய்த ஒருவனைச் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்பது நான்கைந்து பேர் கூடி முடிவெடுத்து மூன்றாம் பக்கத்தில் போடும் விஷயமாக அவருக்குத் தோன்றவில்லை.

எங்கள் கதை சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அரசல்புரசலாகத் தெரியும். நானே சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் ஷிப்யார்டில் மேற்பார்வையாளராக இருந்தார். நல்ல சம்பளம், நல்ல மனிதர். 2010இல் இங்கே சிங்கப்பூரில் இரண்டு சூதாட்டக்கூடங்கள் திறந்தன. சிங்கப்பூரர் உள்ளே போக அப்போது 100 வெள்ளி (டாலர்) நுழைவுக்கட்டணம். கொடுத்த நூறை எடுக்காமல் எப்படித் திரும்புவது என்றே விடியவிடிய உட்கார்ந்திருப்பார். குடும்பத்தார் விண்ணப்பம் போட்டு ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கலாம் என்பது எனக்குத் தெரியவந்தபோது நான்கு வருடம் ஓடிவிட்டது. தடுத்தேன். ஆனால் அதற்குள் உரிமம் இல்லாமல் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் கடன் வாங்கியிருந்தார். ஆயிரம் வெள்ளி கேட்டால் கையில் 800 வரும், வாரம் 200 வீதம் ஆறு வாரம் கட்ட வேண்டும். ஒரு வாரம் தவறினால் அதற்கு மேல் அபராதம், அதற்கும் மேல் வட்டி. உரிமம் பெற்ற கடன்கடையில் மாதத்துக்கு 4 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது என்று 2015இலிருந்து சட்டம் இருக்கிறது. ஆலோங்குக்கு எந்தச் சட்டம்?

கட்ட வழியில்லாதவனிடம் அவர்கள் கடைசியில் ஒன்றைக் கேட்பார்கள். இன்னொருத்தன் கதவில் சாயம் ஊற்று, கடனில் கழித்துக்கொள்கிறோம் என்பார்கள். 2016இல் மூன்று இரவு போனார். பிறகு போலீஸ் வந்தது. மூன்று ஆண்டுச் சிறை, பிரம்படி. நீதிமன்றத்தில் அவர் எதையும் மறுக்கவில்லை. நானும் இங்கே மறுக்கவில்லை.

அவர் சாங்கிச் சிறைக்குப் போனார், கடன் எங்களோடு வீட்டிலேயே இருந்தது. ஒரு புதன்கிழமை காலை ஐந்தே காலுக்கு வேலைக்குக் கிளம்பக் கதவைத் திறந்தேன். காலடியில் ஏதோ ஒட்டியது. ஈசூனில் எங்கள் வீட்டு நடைபாதை விளக்கு மஞ்சளாக எரியும், அந்த வெளிச்சத்தில் முதலில் அது கறுப்பாகத்தான் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் சிவப்பு. கதவில், இரும்புக் கிராதியில், தரையில், சுவரில். சுவரில் “ஓ$பி$” (வாங்கிய பணத்தைத் திருப்பிக் கட்டு) என்று ஆள் உயரத்துக்கு எழுதி, பக்கத்திலேயே எங்கள் வீட்டு எண். வாசலில் காய்வதற்காக வைத்திருந்த மகளின் வெள்ளைப் பள்ளிக் காலணியில் ஒன்றுக்குள் சாயம் தளும்ப நின்றது. அவளுக்கு அப்போது பதினொரு வயது. எதிர்வீட்டு மலாய் அம்மாவின் கதவிலும் பாதிக்குத் தெறித்திருந்தது. தொழுகைக்கு எழுந்தவர் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்தார். திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் உள்ளே போய் வாளியும் பிரஷும் எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏழு மணி வரை இரண்டு பேரும் தேய்த்தோம். தின்னர் போட்டுத் தேய்த்தால் அந்தச் சிவப்பு போய்விடாது, வெளிறி வெளிறி ரோஜா நிறத்தில் சுவரின் துளைகளுக்குள் இறங்கிவிடும். மகள் என்னுடைய காலணியை மாட்டிக்கொண்டு, முன்பக்கம் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, பள்ளிக்குப் போனாள்.

தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இதே சாயத்தை என் வீட்டுக்காரர் மூன்று வீட்டு வாசலில் ஊற்றியிருக்கிறார். அங்கேயும் யாரோ ஒரு பிள்ளையின் காலணி இருந்திருக்கும்.

அந்த ஞாயிறு ஆலயத்துக்கு வந்தேன். நகக்கண்ணில் சிவப்பு போகவில்லை. காணிக்கைப் பையைப் பக்கத்து அம்மாவிடம் நீட்டியபோது அவர் பையைப் பார்க்காமல் என் விரல்களையே பார்த்தார். அப்புறம் ஏழு வாரம் சபையிலிருந்து யாரும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஜெபிக்கிறோம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். உண்மையாகவே ஜெபித்திருப்பார்கள், அதை நான் குறைசொல்லமாட்டேன். என் வீடு இன்று நிற்பதில் அந்த ஜெபங்களுக்குப் பங்கு உண்டு என்று நம்புகிறவள் நான். ஆனாலும் அந்த ஏழு வாரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆண்டவரின் பெயரை என்னைப் போல் சொல்லாத ஒரு பெண்மணி. அதை நான் மறைத்துச் சொல்ல முடியாது.

எட்டாவது வாரம், நம் சபையின் ஓய்வுபெற்ற தாதி ஆன்ட்டி வந்தார். உங்களில் மூத்தவர்களுக்கு அவரைத் தெரியும், இப்போது கர்த்தரிடம் போய்விட்டார். கையில் புளிச்சோறு டப்பா. ஆறுதல் வசனம் எதுவும் சொல்லாமல், “சாங்கிக்கு மனு பார்க்கப் போக பதிவு பண்ணிட்டியா? எப்படிப் பண்ணணும்னு தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்த வியாழன் மாடி அறைக்கு வரச் சொன்னார். 2014இல் நான்கு பெண்களை வைத்து அவர் தொடங்கியிருந்த கூடுகை அது. ஒருத்தியின் மகன் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையத்தில், ஒருத்தியின் தம்பி சிறையில், ஒருத்தியின் கணவர் வெளியே வந்து வேலையில்லாமல்.

குழுவில் பலர் அந்த அறைக்குள் வியாழக்கிழமை வந்ததில்லை. அதனால் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முதலில் ஒரு பாட்டு, கொஞ்சம் ஜெபம். பிறகு படிவங்கள். சமூக சேவை அலுவலகத்தில் காம்கேர் என்ற அரசாங்க நிதியுதவிக்கு என்னென்ன தாள் கொண்டுபோக வேண்டும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுத் தவணை நின்றுபோனால் யாரைப் பார்ப்பது, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்கு எத்தனை மணிக்கு வரிசையில் நிற்பது, இதெல்லாம். ஒரு மூலையில் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்வார்கள். அப்பா எங்கே என்று அந்த அறையில் யாரும் யாரையும் கேட்பதில்லை, பிள்ளைகளுக்கு அதுவே பெரிய ஓய்வு. அலமாரியில் ஒரு பழைய மைலோ டப்பா இருக்கிறது. அதில் சில்லறையும் நோட்டுகளும். பஸ்ஸுக்கு, பாலுக்கு, பள்ளி உணவங்காடிக்கு, தேவைப்பட்டவர் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். கையில் வந்ததும் சொல்லாமல் போடலாம். இத்தனை வருடத்தில் யாரும் கணக்கு எழுதியதில்லை. டப்பா ஒரு நாளும் காலியானதும் இல்லை. நான் எடுத்ததையும் போட்டதையும் கர்த்தர் மட்டும் அறிவார்.

இதைச் சபையின் நலநிதியோடு வைத்துப் பார்க்கிறேன். அதற்கு விண்ணப்பிக்க இரண்டு ஆண்டுகள் தவறாமல் ஆராதனைக்கு வந்திருக்க வேண்டும், இரண்டு மூப்பர்கள் கையெழுத்துப் போட வேண்டும், சம்பளச் சீட்டு இணைக்க வேண்டும். படிவத்தில் “கஷ்டத்துக்கான காரணம்” என்று ஒரே ஒரு வரி விட்டிருக்கிறீர்கள். பகலில் சிட்டி ஹால் பக்கம் அலுவலகத் துப்புரவு, மாலையில் தேக்காவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம். அந்த வருடங்களில் அந்த ஒரு வரியில் நான் என்ன எழுதியிருக்க முடியும்?

தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு குறைக்கப்பட்டு, கடைசி நான்கு மாதம் வீட்டுக் காவலில் என் வீட்டுக்காரர் வந்தார். கணுக்காலில் மின்னணுப் பட்டை. குறித்த நேரத்துக்குள் வீட்டில் இருக்க வேண்டும். அதற்காகவே கூடுகையை எட்டு மணியிலிருந்து ஆறரைக்கு மாற்றினார் ஆன்ட்டி. முதல் வியாழன் அவரால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார அவருக்கு வரவில்லை, சுவரோரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் ஆன்ட்டி, “தம்பி, இந்த நாற்காலியெல்லாம் மடிச்சு வச்சிடுப்பா” என்றார். மடித்தார். இருபத்திரண்டு நாற்காலி. அன்று முதல் அது அவர் வேலை. உள்ளே இருந்து வந்தபிறகு ஒருவர் நம்பி அவரிடம் ஒப்படைத்த முதல் வேலை அதுதான் என்று பல மாதம் கழித்து என்னிடம் சொன்னார்.

வேலை சட்டென்று கிடைக்கவில்லை. தண்டனை பெற்றதுண்டா என்று கேட்கும் பெட்டியில் உண்மையைக் குறித்தார், கூப்பிடவில்லை. எத்தனை இடம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டோம். லாரி உதவியாளராகத் தொடங்கி, குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கக் கற்று, இப்போதுதான் நிலையான சம்பளம். ஆலோங் போக மீதமிருந்த கடன்களை அடைக்க ஆறு வருடம் ஆனது. மகள் அப்பாவிடம் முகம் பார்த்துப் பேச மூன்று வருடம். நடுவில் ஒரு முறை, 2021இல், மறுபடியும் பந்தயச் சீட்டு வாங்கினார். அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வியாழன் அறைக்கு வந்து சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசையில் வைத்தார். யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒரு தம்பி எழுந்து காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அந்த அறை இல்லாதிருந்தால் அவர் அந்தச் சீட்டை என்னிடம்கூடக் காட்டியிருக்கமாட்டார். இந்த நாட்டில் சிறையிலிருந்து வெளியே வருகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இரண்டு ஆண்டுக்குள் திரும்ப உள்ளே போகிறார். அந்த ஒருவராக இவர் ஆகாமல் போனதற்கு ஆண்டவரின் கிருபை காரணம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதையே சொல்கிறேன். அந்தக் கிருபை வியாழன் ஆறரை மணிக்கு ஒரு மாடி அறையில் காப்பியும் மடக்கு நாற்காலியுமாக வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இப்போது அவர் இன்னொன்று செய்கிறார். நம் குடும்பங்களில் யார் வீட்டு வாசலிலாவது சாயம் ஊற்றப்பட்டது என்று தெரிந்தால் விடியுமுன் தின்னர், பிரஷ், ஒரு டின் வெள்ளைச் சாயத்தோடு கிளம்பிவிடுவார். நகர மன்றத்து ஆட்கள் பிறகு வருவார்கள், ஆனால் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு பள்ளிக்குப் போகக்கூடாது என்பார். இதுவரை நான்கு வீடு.

சரி, இந்த மனிதரைச் சபை எப்படி நடத்தியது?

போன ஆண்டு புதுப்பிப்பு நிதி இரவுக்கு மேடையில் சாட்சி சொல்ல அவரைக் கேட்டீர்கள். மூன்று நிமிடம் போதும், பந்தயச் சீட்டு விஷயம் வேண்டாம், முடிவு நம்பிக்கையாக இருக்கட்டும் என்று சொல்லிக் காணொளியும் எடுத்தீர்கள். சொன்னார். அரங்கமே அல்லேலூயா சொன்னது. அந்த இரவு நிறைய வாக்குறுதிப் படிவங்கள் வந்ததாக நீங்களே அறிவித்தீர்கள். அதற்கு அடுத்த மாதம், ஞாயிறுகளில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கு இடம் காட்டும் ஊழியத்துக்கு அவர் பெயர் கொடுத்தார். புதிய தொண்டர் படிவத்தில் நீதிமன்றத் தண்டனை உண்டா என்ற பெட்டி இருந்தது. குறித்தார். இப்போதைக்கு வேண்டாம், சிலர் சங்கடப்படுவார்கள் என்று பதில் வந்தது. ஐயா, மேடையில் நிற்கும்போது சங்கடம் இல்லாதவர் வாசலில் நின்றால் மட்டும் எப்படிச் சங்கடமாகிறார்? எங்கள் சாட்சி உங்களுக்கு வேண்டும். நாங்கள் பக்கத்தில் நிற்பது வேண்டாம். இந்த ஒன்றைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வியாழக்கிழமை அறையை மூடுவதும் இதன் தொடர்ச்சி என்றே எனக்குப் படுகிறது.

அரசாங்கப் பொதுச் சேவைத் துறையே 2017இல் தன் வேலை விண்ணப்பப் படிவத்திலிருந்து அந்தப் பெட்டியை எடுத்துவிட்டது. பாவிகளின் சிநேகிதர் என்று பேர் வாங்கியவரின் சபை அதைப் புதிதாகச் சேர்க்கிறது.

நெகேமியாவைப் பற்றிய உங்கள் தொடர் பிரசங்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் கேட்டேன். நன்றாக இருந்தது. எருசலேமின் வாசல்கள் அக்கினியால் சுட்டெரிக்கப்பட்டுக் கிடந்ததும், மண்மேடு மிகுதியாகி சுமைகாரர் பெலன் குன்றியதும், ஒரு கையில் வேலையும் மறுகையில் ஆயுதமுமாக நின்றதும், 52 நாளில் மதில் முடிந்ததும் சொன்னீர்கள். நான்காம் அதிகாரத்திலிருந்து ஆறாம் அதிகாரத்துக்குப் போய்விட்டீர்கள். ஐந்தாம் அதிகாரம் எங்கே போனது?

ஐந்தாம் அதிகாரத்தில்தான் என் குடும்பம் இருக்கிறது. மதில் பாதியில் நிற்கும்போது ஜனங்களும் அவர்கள் மனைவிகளும் கூக்குரலிடுகிறார்கள். தானியத்துக்காகவும் ராஜாவின் வரிக்காகவும் வயலையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம், எங்கள் பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்க வேண்டியதாயிற்று என்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள் வெளியார் இல்லை, சொந்தச் சகோதரர்கள். நெகேமியா என்ன செய்தார்? முதலில் மதில் முடியட்டும், இதைப் பிறகு பார்ப்போம் என்று சொல்லவில்லை. பெரிய சபையைக் கூட்டி, வயல்களையும் வீடுகளையும் வாங்கிய வட்டியையும் அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். ஆசாரியர்களை அழைத்து அதற்கு ஆணையும் வாங்கினார். தான் 12 வருடம் அதிபதியாயிருந்தும் அதிபதிக்குரிய படியை வாங்கிச் சாப்பிடவில்லை. அந்த அதிகாரத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் மதில் எழுந்த கதை மட்டும் மிஞ்சும், யார் முதுகில் எழுந்தது என்பது தெரியாமல் போகும்.

மூன்றாம் அதிகாரத்தையும் நீங்கள் வேகமாகக் கடந்துவிட்டீர்கள். வெறும் பெயர்ப் பட்டியல்தானே என்று நினைத்திருக்கலாம். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கும். தட்டாரும் தைலக்காரரும் கட்டுகிறார்கள். சல்லூம் என்பவர் தன் குமாரத்திகளோடு சேர்ந்து கட்டுகிறார். குப்பைமேட்டு வாசலைக் கட்டினவர் ஒரு மாகாணத்துப் பிரபு. பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவா ஊரார் கட்டினார்கள், ஆனால் அவர்களுடைய பிரபுக்கள் மட்டும் அந்த வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று எழுதி வைத்திருக்கிறது. நம் சபையில் ஒரு வியாழன்கூட அந்த மாடிப்படி ஏறாதவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்டி ஹால் பக்கம் துப்புரவு வேலை பார்த்த வருடங்களில் மதிய இடைவேளைக்குப் புனித ஆண்ட்ரூஸ் பேராலயத்தில் போய் உட்காருவேன். சாப்பாட்டை வெளியே மரத்தடியில் முடித்துவிட்டு உள்ளே போனால் குளிர்ச்சியாக இருக்கும். அந்த வெள்ளைச் சுவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். முன்பு அங்கே இருந்த ஆலயத்தை இரண்டு முறை இடி தாக்கியது, 1852இல் அதை மூடிவிட்டார்கள். 1856இல் புதிதாக அடிக்கல் போட்டு, 1861இல் முதல் ஆராதனை நடந்தது. கட்டியவர்கள் யார்? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். பிராஸ் பாசா சிறையில் இருந்தவர்கள். சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் அடித்துச் சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசி, காய்ந்தபின் கல்லால் தேய்த்துத் தேய்த்து மினுக்கினார்கள். நம் ஊர் வீடுகளில் பூசிய அதே மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சுதான். அவர்களில் நம் மொழி பேசினவர்களும் இருந்திருப்பார்கள். நகக்கண்ணில் சிவப்போடு நான் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். கைதியின் கை பட்டதால் அந்த ஆலயத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. இன்றைக்கும் அங்கே ஆராதனை நடக்கிறது.

அறிவிப்பைப் பற்றிக் கேட்டபோது நீங்கள் சொன்ன காரணங்களுக்கு வருகிறேன். ஆள் குறைவு என்றீர்கள். ஒன்பது பேர் வருகிற வியாழன் உண்டு, பதினான்கு பேர் வருகிற வியாழனும் உண்டு. ஒருவர் நின்றுவிட்டால் பல நேரம் அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அறையைப் புதுப்பிக்க வேண்டும் என்றீர்கள். புதுப்பிக்கலாம், அந்தச் சில மாதம் எங்களுக்குக் கீழே சமையலறை ஓரம் போதும். சில பெற்றோர் பயப்படுகிறார்கள் என்றீர்கள். அதை நான் தள்ளிப் பேசமாட்டேன், நானும் தாய். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளோடு இருப்பவர் யாராக இருந்தாலும் விசாரித்தே எடுக்க வேண்டும், காணிக்கைப் பணத்தைக் கையாளுபவரையும் அப்படியே. ஆனால் வியாழன் மாலை ஆலயத்தில் வேறு எந்தப் பிள்ளையும் இல்லை, எங்கள் பிள்ளைகளைத் தவிர. எங்கள் பிள்ளைகளுக்காக யாராவது பயப்பட்டார்களா?

நான் கேட்பவை இவை. மூன்றாம் பக்கத்து அறிவிப்பை இந்த மாதம் முடியுமுன் திரும்பப் பெறுங்கள், அதை அறிவித்த அதே தாளில் போடுங்கள். கூடுகை வியாழன் ஆறரைக்கே நடக்கட்டும். நேரத்தை மாற்றினால் கணுக்காலில் பட்டையோடு வருகிறவர்களால் வர முடியாது. தொண்டர் படிவத்தில் அந்தப் பெட்டியைப் பிள்ளைகள் ஊழியத்துக்கும் பணப் பொறுப்புக்கும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றிலிருந்து எடுத்துவிடுங்கள். குறித்தவரின் விவரம் போதகர் ஒருவர் கண்ணுக்கு மட்டும் போகட்டும். இப்போது அது குழுவின் வாட்ஸாப்பில் சுற்றுகிறது, அது எனக்குத் தெரியும். நலநிதியில் இரண்டு ஆண்டு வருகை என்ற விதியைத் தளர்த்துங்கள். புதுப்பிப்பு நிதிக்கு வரும் ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 5 வெள்ளியை இந்தக் குடும்பங்களுக்கென்று ஒதுக்குங்கள், கேட்டவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று முக்கியம். சிறையிலிருந்து வந்தவரை உடனே மேடைக்கு அழைக்காதீர்கள். இரண்டு ஆண்டாவது நம்மோடு நாற்காலி மடிக்கட்டும், சமைக்கட்டும், வாசலில் நிற்கட்டும். பிறகும் அவருக்கு விருப்பமிருந்தால் சாட்சி சொல்லட்டும், தடுக்கி விழுந்ததையும் சேர்த்துச் சொல்ல விடுங்கள். எடுத்த காணொளியில் என் வீட்டுக்காரர் இருக்கும் பகுதியை, அவர் வாசல் ஊழியத்துக்கு ஏற்றுக்கொள்ளப்படும் வரை, எங்கும் காட்ட வேண்டாம். இது அவரும் நானும் சேர்ந்து கேட்பது.

போதகர் ஐயா, வரும் ஞாயிறுகளில் ஒன்றில் நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைப் பிரசங்கியுங்கள்.

சாவியை நான் இன்னும் அலுவலகத்தில் ஒப்படைக்கவில்லை. இந்த மாதத்தின் கடைசி வியாழன் மாலை ஆறரைக்கு அறை திறந்திருக்கும். குழுவிலிருந்து இரண்டு பேராவது வாருங்கள். எங்களோடு ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள். முடிவு என்னவானாலும் அங்கே, எங்கள் பிள்ளைகள் இருக்கும்போது, எங்களிடம் நேரில் சொல்லுங்கள். அதுவரை சாவி என்னிடமே இருக்கும்.

இப்படிக்கு,
வியாழக்கிழமை அறையைத் திறந்து பூட்டுகிறவள்